கறவை மாடுகளின் மடிநோயும் கிருமிப் படலமும்

கறவை மாடு வைத்திருப்போருக்குப் பெரு நஷ்டத்தை உண்டாக்கும் வியாதிகளுள் மடிநோய் முதன்மையானது. கோமாரி முதலிய நோய்கள் வெளிப்படையாகத் தோன்றி ஊரையே எச்சரிக்கை செய்கின்றன. மடிநோயோ பெரும்பாலும் மறைந்து நிற்பது. மடி வீங்காது, காம்பு சிவக்காது, பாலின் நிறமும் மாறாது. ஆயினும் நாளுக்கு நாள் பால் குறைந்துகொண்டே வரும். தீனி போதவில்லை என்றோ, கன்று அதிகமாகக் குடித்துவிட்டது என்றோ, திருஷ்டி பட்டது என்றோ மாட்டுக்குடையவர் எண்ணியிருக்க, ஒரு நாள் ஒரு காம்பில் பால் திரிதிரியாக வரும். அப்பொழுது மருந்து செலுத்தப்படும், வீக்கம் வடியும், பாலும் தெளியும். சில வாரங்கள் சென்றபின் அதே காம்பில் அதே நோய் மறுபடியும் காணும். இவ்வாறு இரண்டு மூன்று முறை நேர்ந்தபின் அப்பகுதி கல்லைப் போல் இறுகி, நாலு காம்பில் பால் தந்த மாடு மூன்று காம்பில் தருவதாகிவிடுகின்றது.

இங்ஙனம் நேரும்போது மருந்தில் குறை உண்டென்று சிலரும், மாட்டின் வமிசத்தில் குறை உண்டென்று சிலரும் கருதுவர். உண்மையில் இதற்கு முக்கியமான காரணம், நோய்க் கிருமிகள் மடியின் உட்புறத்தில் பற்றிக்கொண்டு, தம்மைச் சுற்றிலும் ஒரு படலத்தை அமைத்துக்கொள்வதேயாகும். அவை எவ்வாறு பற்றுகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு, எந்தச் சமயத்தில் அவற்றைத் தடுப்பது எளிது, எந்தச் சமயத்தில் அரிது என்பதும் விளங்கும்.

நோய்க்குக் காரணமான கிருமிகள்

மடிநோயைப் பல வகை பாக்டீரியாக் கிருமிகள் உண்டாக்குகின்றன. பிரான்ஸ் தேசத்தில் நோக்கார், மொல்லெரோ என்னும் இருவர் 1887-ம் ஆண்டில், கறவைப் பசுக்களிடையே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் மடிநோய்க்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் சங்கிலி வடிவமான கிருமி காரணம் என்று எடுத்துக் காட்டினர். சாணத்தில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமியும் மடியினுட் புகுந்து கடுமையான வீக்கத்தை விளைவிப்பதுண்டு.

நீடித்து நிற்கும் மடிநோய்க்குப் பெரிதும் காரணமானது ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியாகும். ஸ்காட்லாந்து தேசத்து ரண வைத்தியரான அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் 1882-ம் ஆண்டில், திராட்சைக் குலை போன்ற இதன் தோற்றத்தைக் கருதி இதற்கு ஸ்டபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். ஜெர்மானியரான ரோஸன்பாக் 1884-ம் ஆண்டில் இதைத் தனியே வளர்த்து, அதன் பொன்னிறம் பற்றி ஆரியஸ் என்னும் அடைமொழியைச் சேர்த்தார். ஒரு மில்லி மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 1,000 கிருமிகளை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு நுண்ணியது. இது மாட்டின் காம்புத் தோலிலும், அதிலுள்ள புண்களிலும் வெடிப்புக்களிலும், கறப்பவர் கையிலும் தங்கியிருந்து, பால் கறக்கும் வேளையில் ஒரு மாட்டிலிருந்து மற்றொரு மாட்டுக்குச் செல்லுகின்றது.

கிருமிக்கு ஏற்படும் தடை

காம்பின் நுனியிலுள்ள துவாரம் சுமார் 1 சென்டி மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குழாயாக உள்ளே செல்லுகின்றது. அதன் சுவர், நகத்திலும் கொம்பிலும் உள்ள பொருளை ஒத்த ஒரு பூச்சினால் காக்கப்படுகின்றது. கறவாத நேரங்களில் துவாரம் இறுக மூடியிருக்கும். கறந்து முடிந்தவுடன் அது உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி நேரம் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வரையில் தளர்ந்தே இருக்கும். கிருமி உட்புகுவதற்கு அதுவே வாய்ப்பான சமயம்.

உட்புகுந்த கிருமிக்கு மற்றொரு தடையும் உண்டு. நாள்தோறும் இருவேளை கறக்கும்போது மடியினுள் இருக்கும் பால் வேகமாக வெளியேறுகின்றது. பாலில் மிதந்து நிற்கும் கிருமிகளுள் பெரும்பாலானவை அதனுடன் வெளியே அடித்துச் செல்லப்படும். வாய்க்காலில் நீர் வரும்போது சருகு அடித்துச் செல்லப்படுவது போன்றது இது. ஆகவே, மடியில் நிலைத்து வாழ விரும்பும் கிருமி ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டாக வேண்டும். பற்றத் தெரியாத கிருமி பாலோடு போய்விடும். பற்றத் தெரிந்தது தங்கிவிடும்.

பற்றிக்கொள்ளும் விதம்

நாயுருவிச் செடியின் காய்கள் வேட்டியில் ஒட்டிக்கொள்வதைக் காணாதவர் இலர். அக்காயின் மேலுள்ள முட்களே அதற்குக் காரணம். ஸ்டபிலோகாக்கஸ் கிருமியின் மேற்புறத்திலும் அதுபோலவே பல வகையான பற்றுக் கருவிகள் அமைந்திருக்கின்றன. அவை முட்கள் அல்ல. புரோட்டீன் என்னும் புரதப் பொருளால் ஆன நுண்ணிய இழைகள். இப்புரதங்களைக் கிருமி தன் உடலினுள் உண்டாக்கி வெளியே நீட்டுகின்றது. நீட்டிய புரதத்தின் அடியைக் கிருமியின் சுவரோடு பிணைப்பதற்கென்று ஸார்ட்டேஸ் என்னும் ஒரு நொதி உண்டு. கதவில் கீலை ஆணி கொண்டு அறைவது போல் அது இந்த வேலையைச் செய்கின்றது. இந்நொதியை ஆராய்ச்சியாளர் கண்டறிந்து 1999-ம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஒவ்வொரு புரதமும் ஒவ்வொரு பொருளைப் பற்றுவது. ஒன்று, இரத்தம் உறைவதற்கு உதவும் பைப்ரினோஜன் என்னும் பொருளைப் பற்றும். மற்றொன்று, உடம்பின் அணுக்களுக்கிடையே இணைப்பாய் நிற்கும் பைப்ரோநெக்டின் என்னும் பொருளைப் பற்றும். வேறொன்று, தோலுக்கும் தசைநாருக்கும் வலிமை தரும் கொல்லாஜன் என்னும் பொருளைப் பற்றும். ஆரோக்கியமான தோலின் மேல் இப்பொருள்கள் அதிகம் வெளிப்பட்டு நிற்பதில்லை. காம்பில் வெடிப்போ கீறலோ நசுக்கலோ ஏற்பட்டால் இவை வெளிப்படும். கிருமிக்குப் பிடி கிடைக்கும். கட்டைவிரலை மடித்துக் காம்பை நெரித்துக் கறக்கும் வழக்கம் கெடுதலானது என்று கால்நடை வைத்தியர்கள் வற்புறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இம்மட்டோடு நிற்பதில்லை. பைப்ரோநெக்டினைப் பற்றிய கிருமி, அதையே பாலமாகக் கொண்டு, பால் சுரக்கும் உட்படையின் அணுக்களுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றது. அங்ஙனம் நுழைந்ததைப் பல மருந்துகள் எட்டிப் பிடிப்பதில்லை.

படலம் உண்டாகும் விதம்

நீர் தேங்கிய குளத்துப் படிகளில் சில நாட்களில் வழுவழுப்பான ஒரு பூச்சுப் படர்கின்றது. கையால் தடவினால் வழுக்கும். நீரை வாரி ஊற்றினால் போகாது. தேங்காய் நாரினால் அழுத்தித் தேய்த்தாலே போகும். அப்பூச்சு, கோடிக் கணக்கான நுண்ணுயிர்கள் தாம் கசியவிட்ட பசையில் புதைந்து கூட்டமாக வாழும் இருப்பிடமேயாகும். இத்தகைய கூட்டத்துக்குக் கிருமிப் படலம் என்று பெயர் கொள்ளலாம்.

மடியினுள்ளும் இவ்வாறே நிகழ்கின்றது. முதலில் சில கிருமிகள் தம் மேற்புரதங்களால் ஓரிடத்தைப் பற்றுகின்றன. பற்றிய இடத்திலேயே பெருகுகின்றன. பின்னர், சர்க்கரை இனத்தைச் சேர்ந்த ஒரு பசையினாலும், மேற்புரதங்களாலும், இறந்த அணுக்களிலிருந்து சிதறிய பொருள்களாலும் ஒன்றோடொன்று பிணைந்து அடுக்கடுக்காக வளருகின்றன. படலம் முதிர்ந்தபின் அதிலிருந்து சில கிருமிகள் பிரிந்து பாலில் கலந்து, மடியின் வேறு பாகத்தில் புதிதாகக் குடியேறுகின்றன. நோய் சில காலம் அடங்கியும் சில காலம் எழும்பியும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு புரதத்தைப் பற்றிய ஆராய்ச்சி

மேற்புரதங்களின் வலிமையைத் தெளிவாகக் காட்டிய ஓர் ஆராய்ச்சி 2001-ம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்தில் வெளியாயிற்று. நன்றாகப் படலம் உண்டாக்கும் ஒரு ஸ்டபிலோகாக்கஸ் கிருமியை எடுத்து, அதன் மரபணுக்களை ஆங்காங்கே பழுதாக்கிப் பார்த்தனர். ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதுபட்ட கிருமிகள் மட்டும் ஒட்டும் திறனையும் படலம் அமைக்கும் திறனையும் பெரும்பாலும் இழந்தன. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்துக்குப் பாப் என்று பெயரிட்டனர். அது 2,276 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் நடுப்பாகத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான 13 கண்ணிகள் தொடர்ந்து வருகின்றன.

மடிநோய் கண்ட பசுக்களிலிருந்து எடுத்த 350 ஸ்டபிலோகாக்கஸ் கிருமி வகைகளைச் சோதித்ததில், அவற்றுள் 5 சதவிகிதத்தில் மட்டுமே இப்புரதம் காணப்பட்டது. மனிதரிடமிருந்து எடுத்த 75 வகைகளில் ஒன்றிலும் காணப்படவில்லை. இப்புரதம் உள்ள கிருமிகள் மாட்டின் மடியில் அதிகமாக நிலைத்து நிற்பதையும், படலமாக இருக்கும்போது மருந்துக்கு எளிதில் அடங்காமையையும் அதே ஆராய்ச்சியாளர்கள் 2004-ம் ஆண்டில் தெரிவித்தனர். மற்ற வகைகள் முன் கூறிய வேறு புரதங்களையும் சர்க்கரைப் பசையையும் கொண்டு அதே காரியத்தைச் சாதித்துக்கொள்கின்றன. ஒரு வழியை அடைத்தால் வேறு வழி உடைய எதிரி இது என்பது இதனால் பெறப்படும்.

பாப் புரதத்தின் துண்டுகள், சுண்ணாம்புச் சத்துக் குறைந்து புளிப்பு ஏறிய நிலையில் ஒன்றோடொன்று கூடி உறுதியான நார்களாவதையும் 2016-ம் ஆண்டில் கண்டறிந்தனர். இது கொண்டு, மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகக் கொடுத்தால் மடிநோய் தீருமென்று கருதிவிடலாகாது. அது ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மையே அன்றிச் சிகிச்சை முறை அன்று.

மருந்து பலியாமைக்குக் காரணம்

படலத்தினுள் இருக்கும் கிருமிகள், தனித்து மிதக்கும் அதே இனக் கிருமிகளைவிட மருந்தைப் பன்மடங்கு அதிகமாகத் தாங்குகின்றன. ஆய்வுக்கூடத்தில் இவ்வேற்றுமை சில சமயங்களில் 100 மடங்குக்கும் மேற்பட்டதாகக் காணப்பட்டிருக்கின்றது. இதற்குக் காரணங்கள் பல. உடம்பைக் காக்கும் வெள்ளணுக்கள் படலத்தைக் கிழித்து உட்செல்ல இயலாமல் திகைக்கின்றன. பென்ஸிலின் இனத்து மருந்துகள் வளர்ந்து பெருகும் கிருமிகளையே கொல்ல வல்லவை. படலத்தின் அடியிலுள்ளவையோ உணவும் காற்றும் குறைந்து, வளராமல் உறங்கிக் கிடக்கின்றன. நோய் முற்றிய மடியில் தழும்பு பரவி, சிறு சீழ்க்கட்டிகள் மூடிக்கொள்வதால், மருந்து அவ்விடத்துக்குப் போய்ச் சேருவதும் குறைகின்றது.

மருந்து செலுத்திய இரண்டொரு நாளில் பால் தெளிவதற்குக் காரணம், பாலில் மிதக்கும் கிருமிகள் மடிந்துபோவதே. படலம் அப்படியே இருக்கும். பால் தெளிந்தது கண்டு மருந்தை இடையில் நிறுத்துவோர், மேல் களையை அறுத்து வேரை விட்டுவைப்போரை ஒப்பர். வைத்தியர் குறித்த நாட்கள் முழுமையும் மருந்து செலுத்துவது அவசியம். அரைகுறையான சிகிச்சையில் தப்பிப் பிழைத்தவை மருந்துக்கு அடங்காத வமிசமாகப் பெருகும் அபாயமும் உண்டு.

மறைந்த நோயைக் கண்டறிதல்

படலம் முதிருமுன் நோயைக் கண்டுபிடிப்பதே பெரும் லாபம். அதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் கறந்து பார்க்கலாம். திரியோ தண்ணீர்ப் பாலோ இருந்தால் துணியின் மேல் உடனே தெரியும். அப்பாலைத் தொழுவத்தின் தரையில் கறந்துவிடுதல் கூடாது.

மறைந்த நோயைக் காண 1957-ம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் ஷாம், நூர்லாண்டர் என்பவர்கள் ஒரு சோதனையை வகுத்தனர். நோயுற்ற மடியின் பாலில் வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும். ஒரு மில்லி லிட்டர் பாலில் அணுக்கள் 1 லட்சத்துக்கு உட்பட்டிருப்பது ஆரோக்கியத்துக்கு அறிகுறி. 2 லட்சத்துக்கு மேற்படின் நோய் புகுந்திருப்பதாகக் கொள்வர். சலவைப் பொருளின் கரைசலை அப்பாலில் சேர்த்தால் அவ்வணுக்கள் உடைந்து பால் கூழ் போல் தடிக்கும். இதற்கென்று விற்கும் மருந்து கிடைக்காத இடங்களில், 100 மில்லி லிட்டர் நீரில் 3 கிராம் சலவைத் தூளைக் கரைத்து, அதைச் சம அளவு பாலுடன் கலந்து சுழற்றிப் பார்ப்பதும் வழக்கத்தில் உண்டு. நாலு காம்பின் பாலையும் நாலு தனிக் கிண்ணங்களில் வைத்துச் சோதித்தல் வேண்டும். கன்று ஈன்ற சில நாட்களுக்குள்ளும், பால் வற்றும் தறுவாயிலும், நோயின்றியே பால் தடிக்கக் கூடுமாதலால் அக்காலங்களில் இச்சோதனையை நம்பலாகாது. சோதித்த பாலை மனிதருக்கோ விலங்குகளுக்கோ கொடாமல் கொட்டிவிட வேண்டும்.

பற்றவொட்டாமல் தடுக்கும் முறைகள்

கிருமி பற்றுவதற்கு முன் அதைத் தடுப்பது ஒரு கைப்பிடி வேலை. பற்றிய பின் அகற்றுவது மாதக் கணக்கான வேலை. பின்வருவன அனுபவத்தில் பலன் தந்தவை.

1. கறப்பவர் நகத்தைக் குறைத்து, சோப்பினால் கை கழுவிய பின்னரே கறக்க வேண்டும். கையில் புண் உள்ளவர் அது ஆறும் வரையில் கறவாதிருத்தல் நலம்.

2. காம்புகளைக் கழுவினால் நன்றாகத் துடைத்து உலர்த்திய பின்பே கறக்க வேண்டும். ஈர மடியிலிருந்து சொட்டும் நீர் கிருமிகளைக் காம்பின் நுனிக்குக் கொண்டுசேர்க்கும். ஒரு மாட்டைத் துடைத்த துணியால் மற்றொன்றைத் துடைத்தல் ஆகாது.

3. முழுக் கையையும் கொண்டு மென்மையாகவும் விரைவாகவும் கறத்தல் வேண்டும். மடியில் பாலைத் தேக்கி வைப்பது கிருமிக்கு உணவிட்டு வைப்பதாகும்.

4. கறந்து, கன்றும் குடித்து முடிந்தவுடன், காம்புகளை 0.5 சதவிகித அயோடின் கரைசலில் முக்கி விட வேண்டும். இதனால் காம்புத் தோலில் தங்கிய கிருமிகள் பற்றுமுன் மடியும். மறுவேளை கறக்குமுன் அதைத் துடைத்துவிட வேண்டும்.

5. கறந்தபின் மாட்டுக்குத் தீனி வைத்தால் அது ஒரு மணி நேரமாவது நின்றுகொண்டிருக்கும். காம்புத் துவாரம் மூடுமுன் சாணத்திலும் மூத்திரத்திலும் படுப்பது இதனால் தவிர்க்கப்படும்.

6. பால் பாத்திரங்களிலும், கறவை யந்திரத்தின் ரப்பர்க் குழாய்களிலும் படலம் படரும். அவற்றை வெறும் நீரில் அலசுவதும், மருந்து நீரை ஊற்றி எடுப்பதும் போதா. சலவைச் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவிப் படலத்தை உடைத்த பின்னரே மருந்து நீர் பயன்படும். பின்பு பாத்திரங்களை வெயிலில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். ஒடுக்கு விழுந்த பாத்திரங்களை நீக்குவது நல்லது.

இங்கிலாந்தில் 1960-ம் ஆண்டுகளில் வகுக்கப்பட்ட ஐந்து அம்சத் திட்டமும் காம்பை மருந்தில் முக்குதலை முக்கிய அங்கமாகக் கொண்டது. தடுப்பூசியைப் பொறுத்த வரையில், படலப் பசையை உண்டாக்கும் ஸ்டபிலோகாக்கஸ் கிருமியையும் ஈ. கோலையையும் கொன்று தயாரித்த ஊசி மருந்து ஒன்றுக்கு ஐரோப்பிய யூனியனில் 2009-ம் ஆண்டில் அனுமதி அளிக்கப்பட்டது. அது நோயின் கடுமையைக் குறைக்க உதவுவதேயன்றி, சுத்தத்துக்கு ஈடாவதன்று.

நோய் கண்ட மாட்டை நடத்தும் விதம்

நோய் கண்ட மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். கூடுமாயின் தனி இடத்தில் கட்ட வேண்டும். கால்நடை வைத்தியரிடம் காட்டி, பாலைச் சோதித்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறிந்து சிகிச்சை செய்தல் சிறந்தது. மேற்பூச்சுக்களைத் தடவி, உள்ளிருக்கும் படலமும் அதனால் நீங்கும் என்று நம்பிக் காலம் தாழ்த்துதல் கூடாது. கறவைக் காலத்தில் குணமாகாத நோய்க்கு, ஈனுவதற்குச் சுமார் 2 மாதங்களுக்கு முன் பால் வற்றச் செய்யும் சமயத்தில் காம்பினுள் மருந்து செலுத்துவது பல மாடுகளுக்குப் பயன் தருகின்றது. அப்போது பாலோடு மருந்து வெளியேறாமல் நெடுநாள் உள்ளே தங்கும். எவ்வளவு செய்தும் தீராத காம்பை வைத்தியர் யோசனைப்படி நிரந்தரமாக வற்றச் செய்து, எஞ்சிய காம்புகளைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

மருந்து செலுத்திய மாட்டின் பாலை, வைத்தியர் குறித்த நாள் வரையில் விற்கவோ அருந்தவோ கூடாது. அத்தகைய பால் கலந்தால் தயிர் சரிவரத் தோயாது. மருந்தும் அருந்துவோர் உடம்பிற் சேரும். நோயுற்ற மடியின் பாலைக் காய்ச்சினால் கிருமி இறந்துபோகலாம். ஆயின் ஸ்டபிலோகாக்கஸ் முன்னரே கசியவிட்ட விஷப் பொருள் காய்ச்சியும் அழியாமல் நிற்கக் கூடும்.

கிராமத்தார் கவனிக்க வேண்டியவை

ஒருவர் வீட்டு மடிநோய் அவர் வீட்டோடு நிற்பதன்று. ஒரே கறவையாள் பல வீடுகளில் கறக்கும் ஊர்களில், நோய் அவர் கை வழியே தெருவெல்லாம் செல்லும். குணமாகாத மாட்டைப் பால் தெளிந்திருக்கும் சில நாட்களில் சந்தைக்கு ஓட்டி விற்பதும் உண்டு. வாங்கியவர் தொழுவத்தில் அது ஏனைய மாடுகளுக்கும் நோயைப் பரப்பும். ஆகவே மாடு வாங்குவோர் பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு, நாலு காம்பையும் தாமே கறந்து சோதித்து வாங்குதல் வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ள ஊர்களில், மாதம் ஒரு முறை உறுப்பினர் மாடுகளின் பாலைக் காம்பு வாரியாகச் சோதிக்க ஏற்பாடு செய்வதும், கறவையாட்களுக்கு அயோடின் கரைசலும் தனித் துணிகளும் கிடைக்கச் செய்வதும் கிராம அதிகாரிகளும் சங்க நிர்வாகிகளும் எளிதில் செய்யத்தக்க காரியங்களாகும்.

கண்ணுக்குப் புலப்படாத ஒரு புரத இழையின் பிடியிலேயே இந்நோய் தொடங்குகின்றது. அந்தப் பிடி கிடைக்காதபடி செய்வதற்கு, கறந்து முடிந்தபின் செலவிடும் இரண்டு நிமிஷங்கள் போதும். தவறவிட்டால், அதற்கு ஈடாக மாட்டின் ஒரு காம்பையே கொடுக்க நேரிடும்.